நாலு டிரைவில் செத்தது எது? வீட்டு சர்வருக்கு 'ஹாட்-ஸ்வாப் பே' வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. காபியோடு போனை எடுத்தால், வீட்டு சர்வரிடமிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன்: 'ஒரு டிரைவ் வேலை செய்யவில்லை.' பெரிய பதற்றம் இல்லை. நாலு டிரைவை ரெய்டு போட்டுத்தான் வெச்சிருக்கீங்க. ஒண்ணு போனாலும் மத்த மூணும் தாங்கும். மாற்றுவதற்குப் புது டிரைவும் ரெடி. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்க்கிறீர்கள். உள்ளே ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறத்தில் நாலு டிரைவ். இதில் செத்தது எது?

குத்துமதிப்பாக ஒன்றின் கேபிளை உருவுகிறீர்கள். அது நல்ல டிரைவ். ஏற்கெனவே ஒன்று போன இடத்தில், இப்போது இரண்டு இல்லை. அக்கா கல்யாண வீடியோ, தாத்தா கடைசியாகப் பேசின ஆடியோ, பத்து வருஷ போட்டோக்கள் எல்லாம் இருந்த அந்த சர்வர் அப்படியே நின்றுபோகிறது. டிரைவ் செத்ததால் வந்த சேதம் கொஞ்சம்தான். மீதி நம்ம கையால வந்தது.

இந்த ஒரு நாளுக்காகத்தான் 'ஹாட்-ஸ்வாப் பே' என்ற சமாச்சாரம் இருக்கிறது. ஆன்லைனில் தேடினால் நீல லைட், சாவி போட்டுப் பூட்டும் டிரே, பளபளக்கும் அலுமினியம் என்று கண்ணைப் பறிக்கும். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'டிரைவ் சாகுற அன்னைக்கு இது எனக்குக் கை கொடுக்குமா?' இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதல்ல, ஹாட்-ஸ்வாப்னா என்ன?

2021 ஜூன் 1-லிருந்து கூகுள் போட்டோஸ் அன்லிமிடெட் இலவச சேமிப்பை நிறுத்தியது. புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜி.பி. கணக்கில் சேர ஆரம்பித்தன. மாதாமாதம் காசு கட்ட மனசில்லாத பலர் வீட்டில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டினார்கள். போட்டோவுக்கு இம்மிச், படத்துக்கு ஜெல்லிஃபின், எல்லாவற்றுக்கும் அடியில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்று மென்பொருள் எல்லாமே இலவசம். செலவு ஹார்டு டிரைவுக்குத்தான்.

அந்த டிரைவ்களை சிஸ்டத்தை ஆஃப் செய்யாமலே, ஸ்க்ரூடிரைவர் எடுக்காமலே வெளியே இழுத்து, புதிதாகச் செருக முடிந்தால் அது ஹாட்-ஸ்வாப். டிரைவ் உட்காரும் பெட்டி போன்ற இடம்தான் 'பே'. அதன் பின்பக்கச் சுவரில் கனெக்டர்கள் பொருத்தப்பட்ட ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதற்குப் பெயர் 'பேக்பிளேன்'. டிரைவை உள்ளே தள்ளியதும் பவர், டேட்டா இரண்டும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். கேபிளைத் தொடவே வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் ஷார்ட் ஆகாதா? சாட்டா தொழில்நுட்பத்தை வடிவமைத்தபோதே இதையும் யோசித்திருக்கிறார்கள். சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் தொடாது. ஹாட்-ஸ்வாப் பேக்பிளேனில் டிரைவைத் தள்ளும்போது முதலில் கிரவுண்ட் பின் தொடும். அடுத்து சில பின்கள் மின்சாரத்தை நிதானமாக ஏற்றும். கடைசியில்தான் மற்றவை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த நீள வித்தியாசம்தான் தீப்பொறி பறக்காமல் காப்பாற்றுகிறது.

உங்களுக்கு இது தேவையா?

நேர்மையாகச் சொன்னால், எல்லாருக்கும் தேவையில்லை. ஒரே ஒரு டிரைவ், அல்லது இரண்டு டிரைவ் வைத்திருக்கிறீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை சிஸ்டத்தை அரை மணி நேரம் ஆஃப் செய்தால் வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றால், அந்தக் காசுக்கு இன்னொரு பேக்கப் டிரைவ் வாங்குங்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் யோசிக்கலாம்.

முதலாவது, நாலு அல்லது அதற்கு மேல் டிரைவ். எண்ணிக்கை கூடக் கூட கேபிள் குழப்பமும் தப்பான டிரைவை உருவும் ஆபத்தும் கூடும். கேபினெட்டுக்குள் ஒரு டிரைவை எடுக்கக் கையை விட்டால், பக்கத்து டிரைவின் சாட்டா கேபிள் லூசாகிவிடும். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று காணாமல் போகும் கதை இது.

இரண்டாவது, பேக்கப் டிரைவை அடிக்கடி வெளியே எடுத்து வேறு வீட்டில் வைக்கும் பழக்கம். சாதாரண சாட்டா கேபிளின் கனெக்டர் 50 தடவை மாட்டிக் கழற்றுவதற்கு என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்பட்டது. பேக்பிளேன் கனெக்டருக்கு அந்தக் கணக்கு 500. வாரம் ஒரு தடவை டிரைவை மாற்றினால், கேபிள் ஒரே வருஷத்தில் தன் கணக்கை முடித்துவிடும். பேக்பிளேன் ஒன்பது வருஷத்துக்கு மேல் தாங்கும்.

மூன்றாவது, சர்வர் அப்பா-அம்மா இருக்கும் ஊரில், நீங்கள் வேறு ஊரில். 'அம்மா, மேலேருந்து மூணாவது டிரேயை மட்டும் இழுங்க' என்று போனில் சொல்லி வேலையை முடிக்க முடியும். மூடியைக் கழற்றச் சொல்லி, கேபிள் நிறம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் கஷ்டம்!

டிரே இருந்தா மட்டும் போதாது

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். முன்னால் இழுக்கும் டிரே இருந்தாலே ஹாட்-ஸ்வாப் என்று நினைத்துவிடுகிறோம். செகண்ட் ஹேண்டில் பலர் தேடும் எச்.பி. புரோலையன்ட் மைக்ரோசர்வர் ஜென்8-ஐப் பாருங்கள். கதவைத் திறந்தால் நாலு டிரே அழகாக வரிசையில் நிற்கும். ஆனால் கம்பெனியே அதை ஹாட்-பிளக் இல்லாத மாடல் என்றுதான் சொல்கிறது. டிரைவை மாற்ற சிஸ்டத்தை ஆஃப் செய்ய வேண்டும்.

ரெடிமேட் நாஸ் பெட்டிகளிலும் இதே கதைதான். சினாலஜியின் டி.எஸ்.223 மாடலில் டிரைவை ஓடும்போதே மாற்றலாம். பெயரில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும் டி.எஸ்.223ஜே மாடலில் முடியாது. ஆஃப் செய்து, பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூ கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விவரப் பட்டியலில் 'ஹாட்-ஸ்வாப்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெட்டியைத் தாண்டி மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். பயாஸுக்குள் போய் சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். பழைய ஐ.டி.இ. மோடில் ஹாட்-ஸ்வாப் நடக்காது. பல மதர்போர்டுகளில் ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்கும் 'ஹாட் பிளக்' என்று தனி ஆப்ஷன் உண்டு. அது ஆஃபில் இருந்தால் ஆன் பண்ணுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மதர்போர்டில் குத்தும் குட்டி எம்.2 எஸ்.எஸ்.டி.க்கள் இந்தக் கணக்கில் வராது. சிஸ்டம் ஓடும்போது அதைக் கழற்றவே கூடாது.

மூணு வழி இருக்கு!

வழி 1: ரெடிமேட் நாஸ். வாங்கி, டிரைவைச் செருகி, ஆன் பண்ணினால் முடிந்தது. எந்த டிரைவ் போச்சு என்று பெட்டியே லைட் போட்டுக் காட்டும். விலை அதிகம். பின்னாளில் பேகளின் எண்ணிக்கையைக் கூட்ட வழியும் குறைவு. கம்ப்யூட்டருக்குள் கை வைக்கப் பிடிக்காதவர்களுக்கு இதுதான் சரி.

வழி 2: ஹாட்-ஸ்வாப் பேகளோடு வரும் கேபினெட். உதாரணத்துக்கு சில்வர்ஸ்டோன் சி.எஸ்.380-இல் முன்பக்கமே 8 ஹாட்-ஸ்வாப் பேகள் இருக்கின்றன. அதே கம்பெனியின் டி.எஸ்.380-இலும் 8. ஆனால் அது குட்டிப் பெட்டி, மினி-ஐ.டி.எக்ஸ். மாதிரியான சின்ன மதர்போர்டுதான் உள்ளே போகும். புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கு இந்த வழி சுத்தமானது.

வழி 3: பழைய கேபினெட்டில் 'கேஜ்' மாட்டுவது. சி.டி. டிரைவ் மாட்டும் 5.25 இன்ச் ஓட்டை ஞாபகம் இருக்கா? கண்ணாடி மூடி, ஆர்.ஜி.பி. லைட் என்று வரும் இன்றைய கேபினெட்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. பழைய கேபினெட்களில் மூன்று, நான்கு என்று அடுக்கடுக்காக இருக்கும். அந்த ஓட்டைகளில் மொத்தமாகச் செருகும் டிரைவ் கூண்டுதான் கேஜ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பழைய கேபினெட் தேடிப் போனால், முன்பக்க ஓட்டைகளை எண்ணிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இதைத் தவிர, யு.எஸ்.பி. கேபிளில் மாட்டும் நாலு பே, ஐந்து பே பெட்டிகளும் உண்டு. பேக்கப்புக்கு ஓகே. ரெய்டு போட்டு இரவு பகலாக ஓட்டும் சர்வருக்கு வேண்டாம். எல்லா டிரைவும் ஒரே யு.எஸ்.பி. கேபிளை நம்பி நிற்கும். அது ஒரு நொடி விட்டுப்போனால், அத்தனை டிரைவும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். சில பெட்டிகள் டிரைவின் சீரியல் நம்பரைக்கூட சிஸ்டத்துக்குக் காட்டாது. அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

3-ல் 5-ஆ, 3-ல் 4-ஆ? ஒரு சின்னக் கணக்கு

கேஜ் வாங்கும்போது 'இரண்டு ஓட்டையில் மூன்று டிரைவ்', 'மூன்றில் நான்கு', 'மூன்றில் ஐந்து' என்று வகை வகையாகப் பார்ப்பீர்கள். அதிக டிரைவ் பிடிப்பதுதான் லாபம் என்று தோன்றும். டிரைவ்களுக்கு நடுவில் காற்று போக எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டால் வேறு விஷயம் தெரியும்.

ஒரு 5.25 இன்ச் பேயின் உயரம் சுமார் 41 மி.மீ., அகலம் 146 மி.மீ. ஒரு 3.5 இன்ச் ஹார்டு டிரைவின் தடிமன் 26 மி.மீ.

இரண்டில் மூன்று: உயரம் 82 மி.மீ. மூன்று டிரைவ்களே 78 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் 4 மி.மீ. மட்டுமே. டிரைவுக்கு ஒன்றரை மி.மீ.கூட இல்லை.

மூன்றில் ஐந்து: டிரைவ்கள் செங்குத்தாக நிற்கும். அகலம் 146. டிரைவ்களுக்கு 130. மிச்சம் 16 மி.மீ., அதாவது டிரைவுக்கு 3 மி.மீ.

மூன்றில் நான்கு: உயரம் 123. டிரைவ்களுக்கு 104. மிச்சம் 19 மி.மீ., டிரைவுக்குக் கிட்டத்தட்ட 5 மி.மீ.

கேஜின் தகடு, டிரேயின் தடிமன் எல்லாம் இதிலேயே கழியும். ஆக, காற்றோட்டத்தில் ஜெயிப்பது மூன்றில் நான்கு. இடம் பத்தாது என்றால் மூன்றில் ஐந்து. இரண்டில் மூன்றை வெயில் ஊர்க்காரர்கள் கடைசி சாய்ஸாக வையுங்கள்.

வாங்கும் முன் டேப் எடுத்து ஆழத்தையும் அளங்கள். கேஜின் பின்னால் ஃபேன், அதற்குப் பின்னால் கேபிள் வளைய இடம் வேண்டும். இல்லையென்றால் மதர்போர்டில் போய் இடிக்கும். பல பழைய கேபினெட்களில் ஒவ்வொரு ஓட்டைக்கும் நடுவில், சி.டி. டிரைவைத் தாங்க சின்னச் சின்னத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வளைத்தோ வெட்டியோ எடுத்தால்தான் கேஜ் உள்ளே போகும். மதர்போர்டை வெளியே எடுத்துவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். இரும்புத் துகள் ஒன்று போர்டில் விழுந்தால் போதும்... அவ்வளவுதான்.

கத்திரி வெயில் டெஸ்ட்

பெரும்பாலான டெஸ்க்டாப் டிரைவ்களின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலையின் மேல் வரம்பு 60 டிகிரி செல்சியஸ். 'நம்ம ரூம் 35 டிகிரிதானே' என்று விட முடியாது. டிரைவ் எப்போதும் ரூமைவிடச் சூடாகவே இருக்கும். நெருக்கமான கூண்டுக்குள் அந்த வித்தியாசம் இன்னும் ஏறும்.

2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் டேட்டா சென்டர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிதமான வெப்பத்துக்கும் டிரைவ் சாவதற்கும் அவ்வளவு வலுவான தொடர்பு இல்லை என்பது அதில் பலரை ஆச்சர்யப்படுத்திய விஷயம். ரொம்ப அதிக வெப்பத்தில்தான், முக்கியமாக மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிய டிரைவ்களில், பாதிப்பு தெரிந்தது. ஆகவே 38 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 45-க்குள் வைக்கப் பாருங்கள். 50-ஐத் தொட்டால் அலர்ட் வரும்படி செட் பண்ணுங்கள்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். புது டிரைவ் மாட்டியதும் 'ரீபில்ட்' நடக்கும். மற்ற எல்லா டிரைவையும் முழுசாகப் படித்துத்தான் புது டிரைவில் எழுத வேண்டும். 8 டி.பி. டிரைவ் நொடிக்கு 180 எம்.பி. வேகத்தில் எழுதினால்கூட 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வரின் வாழ்க்கையிலேயே டிரைவ்கள் அதிகம் சூடாகிற நாள் அதுதான். உங்களிடம் உதிரி பாதுகாப்பு இல்லாத நாளும் அதேதான். கேஜின் ஃபேன் அந்த நாளைத் தாங்க வேண்டும்.

ஃபேன் அளவைப் பாருங்கள். 40 மி.மீ. குட்டி ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும். கொசு காதுக்குள் ரீங்கரிக்கிற மாதிரி சத்தம் போடும். 80, 92 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். நாஸ் ஆர்வலர்களிடையே ரொம்ப நாளாகப் பிரபலமான சூப்பர்மைக்ரோவின் 'மூன்றில் ஐந்து' கேஜில் பின்னால் இருப்பது 92 மி.மீ. ஃபேன். ஃபேன் கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரண ஃபேனை மாட்ட முடியுமா என்றும் பாருங்கள். முன்னால் காற்றை இழுக்கும் கேஜ் தூசியையும் இழுக்கும். மாதம் ஒரு தடவை துடைக்க மறக்காதீர்கள்.

டிரே வேணுமா, வேண்டாமா?

இரண்டு வகை உண்டு. டிரே உள்ள வகையில் ஒவ்வொரு டிரைவையும் ஒரு சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டி, பிறகு தள்ள வேண்டும். டிரே இல்லாத வகையில் கதவைத் திறந்து, டிரைவை அப்படியே செருகலாம்.

ரெய்டில் நிரந்தரமாக இருக்கும் டிரைவ்களுக்கு டிரே நல்லது. ஆடாமல் அசையாமல் நிற்கும். பேக்கப் டிரைவை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு டிரே இல்லாத வகை வசதி. இரண்டும் வேண்டுமா? நாலு டிரே உள்ள கேஜ் ஒன்று, தனியாக டிரே இல்லாத ஒற்றை பே ஒன்று. இதுதான் வீட்டுக்குச் சரியான காம்பினேஷன்.

டிரே வகை வாங்கினால் இரண்டு விஷயம். ஒன்று, உதிரி டிரே தனியாகக் கிடைக்குமா? அந்த டிரே அந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். கிளிப் உடைந்தால் வேறு வழியில்லை. இரண்டு, பெரிய கொள்ளளவு டிரைவ்கள் பலவற்றில் அடிப்பக்க ஸ்க்ரூ ஓட்டைகளின் இடம் மாறியிருக்கும். பழைய டிரேயில் ஓட்டைகள் ஒத்துப்போகாமல் போகலாம். உங்கள் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்திப் பாருங்கள்.

கரன்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது

ஒரு 3.5 இன்ச் டிரைவ் ஓடும்போது சுமார் 6 முதல் 9 வாட் வரை எடுக்கும். ஆனால் ஆன் ஆகும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்து டிரைவ் என்றால் 10 ஆம்பியர், அதாவது 120 வாட்.

ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். பின்னுக்கு 1.5 ஆம்பியர் வீதம் மொத்தம் 4.5 ஆம்பியர்தான். ஆகவே ஒரே ஒரு சாட்டா பவர் கேபிளில் நாலு டிரைவ் ஓடும் என்று சொல்லும் மலிவு கேஜைப் பார்த்தால் தள்ளிப் போங்கள். நல்ல கேஜில் குறைந்தது இரண்டு பவர் கனெக்டர் இருக்கும். இரண்டையும் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும் இரண்டு தனித்தனி வயர்களில் மாட்டுங்கள். ஒரே வயரிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்காதீர்கள். முக்கியமாக, பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்த மலிவான மோலெக்ஸ்-டு-சாட்டா கன்வெர்ட்டர்கள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த அனுபவம் உலகம் முழுக்கப் பலருக்கு உண்டு. மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

'500 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய லோக்கல் எஸ்.எம்.பி.எஸ்ஸை நம்பாமல், அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று இருப்பதைப் படியுங்கள். கரன்ட் கட்டுக்கு ஒரு யு.பி.எஸ். கட்டாயம்.

இன்னொரு குழப்பம். யு.எஸ்.பி. எக்ஸ்டர்னல் டிரைவை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்து மாட்டுவது பலரின் சிக்கன வழி. அப்படி எடுத்த சில டிரைவ்கள் மாட்டினால் உயிரே வராது. பவர் கனெக்டரின் 3-வது பின்னில் 3.3 வோல்ட் வந்தால், 'அணைந்து இரு' என்ற உத்தரவாக அவை எடுத்துக்கொள்ளும். டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மோலெக்ஸ் வழியாகப் பவர் எடுக்கும் பேக்பிளேன்களில் பொதுவாக இந்தப் பிரச்னை வராது. மோலெக்ஸ் கேபிளில் 3.3 வோல்ட்டே கிடையாது.

கேபிள், கன்ட்ரோலர்

வீட்டுக்கு சாட்டா பேக்பிளேன் போதும். எஸ்.ஏ.எஸ். பேக்பிளேன் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதில் சாட்டா டிரைவும் மாட்டலாம். எஸ்.ஏ.எஸ். டிரைவை சாட்டா பேக்பிளேனில் மாட்ட முடியாது. செகண்ட் ஹேண்டில் டிரைவ் மலிவாகக் கிடைக்கிறது என்று பாயும் முன் அது எந்த வகை என்று பாருங்கள்.

மதர்போர்டில் போர்ட் பற்றவில்லை என்றால் தனி கன்ட்ரோலர் கார்டு வேண்டும். பழைய சர்வர்களிலிருந்து வரும் எல்.எஸ்.ஐ. 9211-8ஐ மாதிரியான கார்டுகள் பிரபலம். 8 டிரைவ் வரை நேரடியாக மாட்டலாம். கார்டே ரெய்டு போடாமல், டிரைவ்களை அப்படியே சிஸ்டத்திடம் ஒப்படைக்கும் 'ஐ.டி. மோடு' ஃபர்ம்வேர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கார்டுகள் நன்றாகச் சூடாகும். மேலே காற்று படவேண்டும்.

10 நிமிஷ வேலை: லேபிள்

சரி, முதல் கேள்விக்கு வருவோம். செத்தது எது?

லைட் சொல்லும் என்று நினைப்போம். வீட்டு கேஜ்கள் பலவற்றில் இருப்பது பவர் லைட்டும், டேட்டா ஓடும்போது மினுக்கும் லைட்டும்தான். 'இதுதான் கெட்டது' என்று சிவப்பு காட்ட, கேஜ், கேபிள், கன்ட்ரோலர், மென்பொருள் நான்கும் ஒத்துப்போக வேண்டும். வீட்டில் அது பெரும்பாலும் அமையாது.

லினக்ஸ் டிரைவுக்கு வைக்கும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. பெயர்களையும் நம்பக் கூடாது. ரீஸ்டார்ட் செய்தால் மாறலாம். மாறாதது ஒன்றுதான்: சீரியல் நம்பர். ஆகவே டிரைவை மாட்டும் முன், அதன் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்துகளை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரேயின் முன்பக்கம் ஒட்டுங்கள். அதே பட்டியலைப் போனிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சர்வர் அலர்ட்டில் சீரியல் நம்பர் வரும். ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் ஒரு நொடியில் பதில். ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்கும் பேயின் பாதி பலன், அந்தப் பத்து ரூபாய் ஸ்டிக்கரில்தான் இருக்கு!

அந்த நாளில் செய்ய வேண்டியது

1. அலர்ட்டில் வந்த சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரோடு இரண்டு தடவை ஒப்பிடுங்கள்.

2. மென்பொருளில் அந்த டிரைவை 'ஆஃப்லைன்' செய்யுங்கள். ஹாட்-ஸ்வாப் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் உருவலாம் என்று அர்த்தம் இல்லை.

3. டிரேயை ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து, 30 நொடி அப்படியே விடுங்கள். உள்ளே சுற்றும் தட்டு நிற்கட்டும். பிறகு முழுதாக எடுங்கள்.

4. புது டிரைவின் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டுச் செருகுங்கள். ரீபில்ட் ஆரம்பித்ததா என்று பாருங்கள். முடியும்வரை வெப்பநிலையைக் கவனியுங்கள்.

தப்பித்தவறி நல்ல டிரைவை உருவிவிட்டால்? பதறாதீர்கள். அதே டிரைவை அதே இடத்தில் செருகிவிட்டு, வேறு எதையும் தொடாதீர்கள். 'இனிஷியலைஸ்', 'ஃபார்மேட்' என்று திரையில் எது கேட்டாலும் 'நோ'. பெரும்பாலும் மீட்க வழி இருக்கும். டேட்டாவை நிரந்தரமாக அழிப்பது அந்த அவசர 'யெஸ்'தான்.

ரெய்டு இருந்தா பேக்கப் வேண்டாமா?

வேண்டும். 1988-ல் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதியபோது, மலிவான பல டிரைவ்களைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்ப்பதுதான் யோசனை. நீங்கள் தவறுதலாக அழித்த போட்டோவை அது திருப்பித் தராது. அழித்தது எல்லா டிரைவிலும் ஒரே நேரத்தில் அழியும். வைரஸும் அப்படியே.

முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றும் இருக்க முடியாது. அதே கூகுள் ஆய்வில், செத்த டிரைவ்களில் பாதிக்கும் மேற்பட்டவை 'ஸ்மார்ட்' அளவீடுகளில் முக்கியமான நான்கில் ஒன்றில்கூட முன்னறிகுறி காட்டவில்லை. ஆனால் முதல் ஸ்கேன் எர்ரர் காட்டிய டிரைவ், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்ற டிரைவ்களைவிட 39 மடங்கு அதிகம். எர்ரர் வந்தால் 'பார்த்துக்கலாம்' வேண்டாம். வராவிட்டாலும் பேக்கப் இல்லாமல் இருக்க வேண்டாம்.

அதற்குத்தான் அந்தத் தனி ஒற்றை பே. வாரம் ஒரு நாள் டிரைவைச் செருகி, பேக்கப் எடுத்து, மென்பொருளில் 'எஜெக்ட்' கொடுத்து உருவி, சித்தி வீட்டு பீரோவில் வையுங்கள். சர்வரோடு கரன்ட் தொடர்பே இல்லாத ஒரு காப்பி அது.

வாங்கும் முன் கடைசியா ஒரு செக்லிஸ்ட்

* விவரத்தாளில் 'ஹாட்-ஸ்வாப்' என்று எழுதியிருக்கிறதா?
* மதர்போர்டில் ஏ.எச்.சி.ஐ., ஹாட் பிளக் ஆப்ஷன் இருக்கிறதா?
* கேபினெட்டின் ஓட்டை எண்ணிக்கை, ஆழம் அளந்தாச்சா?
* ஃபேன் 80 மி.மீ. அல்லது அதற்கு மேலா? மாற்ற முடியுமா?
* பவர் கனெக்டர் இரண்டாவது இருக்கிறதா?
* உதிரி டிரே கிடைக்குமா?
* டிரேயின் முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்ட இடம் இருக்கிறதா?

எல்லாம் வாங்கி மாட்டியாச்சா? குடும்ப போட்டோக்களை ஏற்றும் முன் ஒரு ரிகர்சல் பாருங்கள். சும்மா சில சினிமா ஃபைல்களை மட்டும் போட்டுவிட்டு, சர்வர் ஓடும்போதே ஒரு டிரைவை வேண்டுமென்றே எடுங்கள். போனுக்கு அலர்ட் வருகிறதா? அதில் வரும் நம்பர், கையில் இருக்கும் டிரைவின் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா? திரும்பச் செருகினால் ரீபில்ட் ஆகிறதா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால், அக்கா கல்யாண வீடியோவைத் தைரியமாக ஏற்றலாம். ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்றால், அதை இன்றைக்கே கண்டுபிடித்தது உங்கள் அதிர்ஷ்டம்!